குனிந்த முத்திரை

எங்கள் அலுவலகத்தில் முத்திரைகூடக் குனியும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். ஒப்புதல் தாளில் ஐந்து கட்டங்கள் வரிசையாக இருக்கும். இடது ஓரக் கட்டம் துறைத் தலைவருடையது. அவருக்கு வலப்பக்கம், பதவி இறங்க இறங்க, மற்ற நால்வர். துறைத் தலைவர் தன் பெயர் முத்திரையை நேராகக் குத்துவார். மற்றவர்கள் தங்கள் முத்திரையை அவர் பக்கமாகச் சாய்த்துக் குத்த வேண்டும், முத்திரையே அவருக்கு வணக்கம் சொல்வதுபோல. பதவி குறையக் குறையச் சாய்வு கூடும். எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் நேராகக் குத்தி அனுப்பிய ஓர் உதவிப் பிரிவுத் தலைவரின் தாள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். "மை சரியா படல" என்று காரணம் சொன்னார்கள். மை செக்கச்செவேலென்று நன்றாகத்தான் பட்டிருந்தது.

எனக்குக் கட்டமே கிடையாது. நான் ஒப்பந்த ஆள். பெயர் மகினோ யோஷிமி, வயது ஐம்பத்தொன்று, விற்பனைத் துறையில் கடைசி மேசை. யஹாகி ஆற்றங்கரையில் கார்க் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஆலை எங்களுடையது; கீழே எந்திரங்கள், மாடியில் நாங்கள். கீலில் ஒரு துளையைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன விலை ஆகும் என்று கார் கம்பெனிக்காரன் கேட்பான். கணக்குப் போட்டுப் பதில் தாள் எழுதுவது நான். அதை ஐந்து மேசைக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நான். குத்துவதற்கு மட்டும் மற்றவர்கள்.

மார்ச்சுக் கடைசியில் ஒவ்வொரு வருடமும் என் ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்கள். வருகிற மார்ச்சில் இன்னொரு முறை புதுப்பித்துவிட்டால் ஐந்து வருடத்தைத் தாண்டிவிடும். தாண்டினால் என்னை நிரந்தரமாக்குங்கள் என்று நான் கேட்கலாம். முடியாது என்று சொல்ல அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஒவ்வொரு மார்ச்சுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்காத பிழைப்பு. அப்புறம், சொன்னால் சிரிப்பீர்கள், அந்தத் தாளில் ஒரு கட்டம். இந்த மேசை போனால் என் வயதுக்கு இந்த ஊரில் இன்னொரு மேசை கிடைக்காது. டப்பாச் சாப்பாடு கட்டும் கடையில் நின்றபடி சோறு அமுக்கும் வேலைதான்.

அந்த மார்ச்சுக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் கமியா மாடிக்கு வந்தார். முழுப் பெயர் கமியா தெட்சுரோ; ஆலையின் மேம்பாட்டுப் பிரிவுத் தலைவர். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கீழே எந்திரங்களுக்கு நடுவில் 'முதா' தேடியவர். முதா என்றால் வீண். வீண் நடை, வீண் குனிதல், வீண் காத்திருப்பு. எங்கே கண்டாலும் பிடுங்கி எறிந்துவிடுவார். எங்கள் வட்டாரத்தில் குழந்தை சோற்றில் மீதி வைத்தாலும் முதா என்றுதான் அதட்டுவோம். அவருக்கு அது வேதம். கையில் சுருட்டிய பழுப்புத் தாள், சட்டைப்பையில் வண்ணச் சீட்டுகள், கக்கத்தில் மடக்கு நாற்காலி. அலுவலகத் தாழ்வாரத்தின் முக்கில்கூட நின்று, விரலை நீட்டி இடமும் வலமும் காட்டி, "சரி!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். கீழே சரக்கு வண்டிகளுக்காகப் பழகிய பழக்கம். மாடியில் மோத வருவது காப்பிக் கோப்பைதான்.

"கீழே பிழியறதுக்கு இனி ஒண்ணும் இல்ல போல. மேல வந்துட்டாரு" என்று என் காதைக் கடித்தாள் நிவா. எனக்குப் பக்கத்து மேசைப் பெண். என் வயதில் பாதி, ஆனால் நிரந்தர ஊழியர்.

கமியா நேராக என்னிடம் வந்தார்.

"மகினோ-சான், உங்க கையில இருக்கிற தாள் எங்க போகுது?"

"பிரிவுத் தலைவர்கிட்ட."

"நானும் வரேன்."

"எதுக்கு? தாள்தானே, நானே தூக்கிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "இல்ல, நான் தாளோட வரேன். தாள் நடந்தா நானும் நடப்பேன். தாள் தூங்கினா நானும் பக்கத்துல உட்காருவேன். அது பொறந்ததுல இருந்து வாசலத் தாண்டுற வரைக்கும் கூடவே இருந்து பாக்கணும். அப்பத்தான் எங்க ஓடுது, எங்க தேங்குதுன்னு தெரியும்."

"தேங்குறது எங்கன்னு இப்பவே சொல்றேனே. கணக்குப் போட எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பதில் போய்ச் சேர மூணு வாரம். மீதி நேரம் முழுக்கத் தூக்கம். நாலு மேசையில தூங்கும், அஞ்சாவது மேசையில குறட்டையே விடும்."

அப்போதுதான் சிரித்தார். முன்பல்லில் ஒன்று உடைந்திருந்தது. "சொன்னாப் பத்தாது, கண்ணால பாக்கணும்" என்றார்.

பார்த்தார். அஞ்சாவது மேசை துறைத் தலைவர் இசோகாயுடையது. தலைக்கு மை பூசி, உடம்பில் ஒரு சுருக்கம் விழாமல் உட்கார்ந்திருப்பவர். அவர் மேசையில் தாள்கள் போடும் தட்டில் தாளை வைத்துவிட்டு நான் திரும்பினேன். கமியா மடக்கு நாற்காலியை விரித்து, தட்டுக்குப் பக்கத்தில், கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"என்ன கமியா-சான், ஏதாவது பேசணுமா?"

"இல்ல தலைவரே, நீங்க உங்க வேலையப் பாருங்க. தாள் உட்கார்ந்திருக்கு. அதுக்குத் துணையா நானும் உட்கார்ந்திருக்கேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது எந்திரிக்கிற வரைக்கும்."

துறை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடித்தோம். இசோகாய்க்குத் தர்மசங்கடம். உடனே குத்திக் கொடுத்தால் படிக்காமல் குத்தினார் என்றாகிவிடும். குத்தாமல் விட்டால் இந்த மனிதர் போகமாட்டார். கமியா மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். நிவா அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தாளுக்கும் ஒரு கோப்பை வெக்கட்டுமா?" என்று அவள் கேட்டது இசோகாய் காதில் விழுந்திருக்க வேண்டும். அன்று பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முத்திரை விழுந்துவிட்டது.

இத்தனை நாளில் அந்த அலுவலகத்தில் நான் அப்படி மனம்விட்டுச் சிரித்ததில்லை. இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. என்னைப்போன்ற கோபக்காரிக்கு அவ்வளவு சுலபத்தில் யாரையும் பிடிக்காது, பிடித்தால் நம்பிவிடுவாள். அங்கேதான் சனி பிடித்தது.

ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் சிவப்பு மிசோ என்ற சோயாக் குழம்பில் கொதிக்கும் ஊதோன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே அவர் தன் கொள்கையைச் சொன்னார்.

"வரிசையில அஞ்சு பேரு செய்யுற வேலைய நாலு பேரு செய்யலாம்னு ஆகுதுன்னு வெச்சுக்குங்க. யாரப் பிடுங்கணும்?"

"சோம்பேறியத்தான்."

"தப்பு! எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. இருக்கிறதுலயே நல்ல ஆளப் பிடுங்கணும். அவருதான் எங்க போனாலும் பிழைப்பாரு. புது வேலைய அவர்கிட்டக் குடுக்கணும். மீதி நாலு பேரும் தாங்களே நிமிர்ந்துக்குவாங்க. எங்கிட்ட யாரப் பிடுங்கினாலும், அது அவருக்கு மரியாதை."

"பிடுங்கினவங்கள எங்க நடுவீங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தரக்கூடத் தூக்கிப் போட்டதில்ல" என்று கரண்டியை நீட்டினார். அவர் பிடுங்கிய ஆள் ஒருவர் தாய்லாந்து ஆலையில் பயிற்சியாளர். இன்னொருவர் அச்சுக் கூடத்தின் மேற்பார்வையாளர். "பழைய ஆலைத் தலைவர் குடுத்த வாக்கு அது. அது இல்லேன்னா எவன் வாயத் தொறந்து, என் வேலையில இது வீண்னு சொல்லுவான்?"

அது நியாயமாகத்தான் பட்டது. அவரைப் பற்றி நிவா சொன்ன இன்னொரு விஷயமும் என்னை அவர் பக்கம் சாய்த்தது. எந்திரத்துக்கு மலிவான எண்ணெய் ஊற்றலாம் என்று மேலிடம் முடிவு செய்த தாளில் கமியா தன் முத்திரையைத் தலைகீழாகக் குத்தி அனுப்பினாராம். தலைகீழ் முத்திரை என்றால் எனக்கு இதில் சம்மதமில்லை என்று பொருள். தாள் நிற்காது, போய்விடும். ஆனால் எடுத்துப் பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். மாடியில் யாருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. இங்கே சாய்வதா நிமிர்வதா என்பதே பெரிய பாடு.

டிசம்பரில் பெரிய கூட்ட அறையின் சுவர் நீளத்துக்கும் பழுப்புத் தாள் ஒட்டப்பட்டது. விலைக் கேள்வி வாசலில் நுழைவதிலிருந்து பதில் வெளியே போவது வரைக்கும் ஒரே ஓட்டம். வாடிக்கையாளர் எதற்குக் காசு கொடுப்பாரோ அந்த வேலைக்குப் பச்சைச் சீட்டு. மற்றதற்கெல்லாம் சிவப்பு. கமியாவும் நானும் நின்று நின்று ஒட்டினோம். முடிவில் பச்சை ஒன்றே ஒன்று: என் கணக்கு. பார்க்க எனக்குக் கர்வமாக இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. சுவர் முழுக்கச் சிவப்பு, நடுவில் நான் மட்டும் பச்சை.

"இந்த அஞ்சு முத்திரையில மூணு வேண்டாம்" என்றார் கமியா. "பிரிவுத் தலைவர் ஒண்ணு, துறைத் தலைவர் ஒண்ணு. போதும். தூக்கிக்கிட்டு நடக்கறதும் வேண்டாம்."

"நடக்கறது என் வேலை."

"ஆமா. பாதி நாள் நீங்க நடந்துக்கிட்டே இருக்கீங்க. அந்த நடை போயிட்டா, கணக்க நிவா-சான் பாத்துக்கலாம். அதனால..." கையில் ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து நீட்டினார். "உங்களத்தான் பிடுங்கணும்னு நெனைக்கிறேன். இந்த மாடியில நல்ல ஆள் நீங்கதான். மேம்பாட்டுப் பிரிவுல என் பக்கத்து மேசை காலியா இருக்கு. அடுத்து கணக்குத் துறை, அதுக்கப்புறம் கொள்முதல். நாம ரெண்டு பேரும் தாளோட நடக்கலாம்."

"ஒப்பந்த ஆளுக்கு மேம்பாட்டுப் பிரிவா?"

"பிடுங்கினா மேல ஏத்தணும். அதுதான் முறை. வசந்தத்துல நீங்க ஒப்பந்தமா இருக்க மாட்டீங்களே."

அந்தச் சீட்டை என் பெயருக்குமேல் நானேதான் ஒட்டினேன். நன்றாக அழுத்தி ஒட்டினேன், விழுந்துவிடக் கூடாதே என்று. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் நிலையத்துக்குப் பக்கத்து முத்திரைக் கடையில் 'மகினோ' என்று ஒரு முத்திரை செதுக்கச் சொன்னேன். மலிவு முத்திரை வீட்டில் இருக்கிறது, கூரியர்க்காரனுக்குக் குத்துவது. இது மரத்தில், ஒழுங்காகச் செதுக்கியது. எனக்கென்று வரப்போகிற கட்டத்துக்கு.

ஜனவரியில் ஆலைத் தலைவர் முன்னிலையில் கூட்டம். கமியா கோலை வைத்துக்கொண்டு சுவரைக் காட்டிப் பேசினார். மூன்று வாரம் இரண்டு நாளாகும் என்றார். ஆலைத் தலைவர் 'ஓ' என்றார். எல்லோரும் 'ஓ' என்றார்கள். இசோகாய் எழுந்து, கமியா-சானின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன் என்று இடுப்புவரை குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்ததும் சொன்னார்:

"ஒரே ஒரு சின்ன விஷயம். முத்திரைய வீண்னு சொல்றது கொஞ்சம் அவசரமோன்னு தோணுது. அது பொறுப்பு. வீண் என்னன்னா, காகிதம். காகிதத்த எடுத்துட்டா நடை இல்ல, தட்டு இல்ல, தூக்கம் இல்ல. அஞ்சு முத்திரையும் கம்ப்யூட்டர்ல இருந்துட்டுப் போகட்டுமே."

ஆலைத் தலைவர் தலையாட்டினார். அவர் ஆட்டியதும் அறையே ஆட்டியது. கமியாவும் மெல்ல ஆட்டியதை நான் பார்த்தேன். வேகமாகப் போனால் சரிதானே என்று அவர் நினைத்திருக்கலாம். கடைசியில் அவர் கையைத் தூக்கினார்.

"தலைவரே, மகினோ-சானோட அடுத்த வேலை பத்தி..."

"எந்த அடுத்த வேலை?" என்றார் ஆலைத் தலைவர்.

"பிடுங்கினவங்கள வெளிய அனுப்பறதில்லைங்கிறது நம்ம ஆலையோட வாக்கு."

இசோகாய் இதமாகச் சிரித்தார். குழந்தையிடம் பேசும் குரல். "அந்த வாக்கு ஊழியர்களுக்கு, கமியா-சான். மகினோ-சான் ஒப்பந்தம். அவங்கள யாரும் அனுப்பல. ஒப்பந்தம் முடியுது, அவ்வளவுதான்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் இல்ல. உங்க வாக்கு எங்க எழுதியிருக்கு?"

சுவர் ஓரத்தில் தேநீர்த் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். நான் அங்கே இருக்கிறேன் என்பது அறையில் இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் கண்டுகொள்ளவில்லை. தட்டை அவர்கள் தலையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் கோப்பையைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, முகம் வீங்குகிற வரைக்கும் அழுதேன். துக்கம் பாதி, அவமானம் மீதி. சிவப்புச் சீட்டை அழுத்தி ஒட்டிய விரலை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

கமியாவின் தப்பு என்ன என்று பிறகு யோசித்தேன். கீழே அவர் பழகிய காலத்தில் எல்லோரும் ஊழியர்கள். வாக்கு என்றால் எல்லோருக்கும் என்று அர்த்தம். ஒப்பந்தம், வாடகை ஆள், பகுதிநேரம் என்று மனிதர்களைக் கூறுபோட்டது பிற்பாடு. ஒரு போல்ட்டை எடுக்கக் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பார்க்கத் தெரிந்த மனிதருக்கு, பக்கத்தில் நின்று சீட்டு ஒட்டுகிறவளின் கழுத்து அட்டை வேறு நிறம் என்பது கண்ணில் படவில்லை. நல்லவர்தான். நல்லவர் என்பதால் எனக்கு ஆத்திரம் குறைந்துவிடவில்லை.

பிப்ரவரியில் மின்முத்திரை வந்தது. விற்க வந்த இளைஞன் திரையில் செய்து காட்டினான். "இதுல ஒரு விசேஷம்" என்று பொத்தானை அழுத்தினான். ஐந்து சிவப்பு வட்டங்கள் வரிசையாக வந்தன. துறைத் தலைவருடையது நேராக. அடுத்தது லேசாகச் சாய்ந்து. கடைசியில் இருந்தது விழுந்துவிடும் போலச் சாய்ந்து. "பதவிக்கு ஏத்தபடி சாய்வு தானா அமைஞ்சிடும். யாரும் தப்பாக் குத்த முடியாது."

"அற்புதம்" என்றார் இசோகாய்.

நிவா என் கையைக் கிள்ளினாள். சிரிக்கத்தான் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடையைப் பிடுங்கினார்கள், தாளைப் பிடுங்கினார்கள், என்னைப் பிடுங்கினார்கள்; குனிவதை மட்டும் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

புது முறையில் ஓடப்போகிற முதல் தாள் எது என்று மாதக் கடைசியில் தெரிந்தது. காலையில் நிவா திரைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'ஒப்பந்தம் புதுப்பிக்காமை. மகினோ யோஷிமி.' மேம்பாட்டால் குறைந்த ஆள் என்பதால், ஐந்து கட்டங்களில் ஒன்றைப் பணியாளர் துறைக்குக் கொடுத்து, உதவித் துறைத் தலைவருக்குப் பதிலாக மேம்பாட்டுப் பிரிவைப் போட்டிருந்தார்கள்.

"என்னால அடிக்க முடியல மகினோ-சான். பெயரையே ரெண்டு தடவ தப்பா அடிச்சிட்டேன்."

"எந்திரி. நான் அடிக்கிறேன்."

"ஐயோ, வேண்டாம்! நீங்க போய் இத..."

"நீ தப்பா அடிச்சா திரும்பி வரும். திரும்பி வந்தா அது முதா."

அவள் அழுகையும் சிரிப்புமாக எழுந்தாள். நான் உட்கார்ந்து அடித்தேன். என் பெயர், பிறந்த தேதி, ஒப்பந்தம் முடியும் நாள். காரணம் என்ற இடத்தில் 'வேலை ஓட்டம் மேம்பட்டதால்' என்று போட வேண்டியிருந்தது. ஒரு பிழை இல்லாமல் அடித்து அனுப்பினேன்.

போட்ட தேநீர் ஆறுவதற்குள் மூன்று கட்டங்கள் நிரம்பிவிட்டன. உதவிப் பிரிவுத் தலைவர், பிரிவுத் தலைவர், யாரும் எதிர்பாராதபடி முந்திக்கொண்டு இசோகாய். எந்தத் தட்டில் என் தாள்கள் வாரக்கணக்கில் ஊறினவோ அந்த மனிதர் இதைப் படிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பணியாளர் துறைக் கட்டமும் நிரம்பியது. நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது. கமியா.

பகல் சாப்பாட்டு மணி அடித்தபோது அதுவும் சிவந்தது. சற்று நேரத்தில் அவரே மாடிப்படி ஏறி வந்தார். தாழ்வார முக்கில் நிற்கவில்லை, விரலை நீட்டவில்லை, "சரி" சொல்லவில்லை. என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"தலைகீழாக் குத்தணும்னு பாத்தேன்" என்றார். "கம்ப்யூட்டர்ல அதுக்கு வழி இல்ல. அந்தப் பையனுக்கு போன் பண்ணிக்கூடக் கேட்டேன். அப்படி யாரும் கேட்டதில்லையேங்கிறான்."

"குத்தாம இருந்திருக்கலாமே."

அவர் என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியாத பார்வை. அப்படி ஒரு வழி இருப்பதாக அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. இந்த ஆலையில் யாருக்கும் தோன்றாது. சம்மதமில்லை என்றால் தலைகீழாகக் குத்தலாம், ஆனால் குத்தத்தான் வேண்டும்.

"காலையில இருந்து தாளோடவே உட்கார்ந்திருந்தேன்" என்றார், தணிந்த குரலில்.

"துணைக்கா?"

அவர் குனிந்தார். சும்மா தலைசாய்ப்பது இல்லை. இடுப்பு மடிந்து, நரைத்த உச்சந்தலை தெரிய, நிமிராமல் நின்றார். இசோகாய் திரைக்குப் பின்னால் எதையோ மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"போதும், நிமிருங்க கமியா-சான். உங்க முத்திரைதான் உங்களுக்கு முன்னாடியே குனிஞ்சிடுச்சே."

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். 'கமியா' என்ற சிவப்பு வட்டம் பதவிக்கு ஏற்ற சாய்வில், ஒரு குறையும் இல்லாமல் சாய்ந்திருந்தது. என் பெயர் தாளின் வலது மேல்மூலையில் இருந்தது. முத்திரை இடப்பக்கம், இசோகாயைப் பார்த்துக் குனிந்திருந்தது.

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் அந்தத் தாளை அச்சடித்து என் மேசையில் வைத்தார்கள். ஒப்பந்த ஆட்களுக்குக் கணினியில் முத்திரை கிடையாது. கையால்தான் குத்த வேண்டும். அடியில் 'பெற்றுக்கொண்டவர்' என்று ஒரு சதுரம். அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் கட்டம். பையிலிருந்து புது முத்திரையை எடுத்தேன். உறைகூடப் பிரிக்கவில்லை. பிரித்து, மையில் ஒற்றி, 'மகினோ'வைத் தலைகீழாகத் திருப்பி, உள்ளங்கையால் அழுத்திக் குத்தினேன். இந்த மாடியில் அப்படிக் குத்த வாய்ப்பு இருந்தவள் நான் ஒருத்திதான்.

மாலையில் நிவா தாளைத் திரும்பக் கொண்டுவந்தாள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"மை சரியா படலையாம். நேரா குத்தித் தரச் சொல்றாரு தலைவர்."

"வெச்சிட்டுப் போ. கொஞ்சம் தூங்கட்டும்."

என் தட்டிலேயே அது கிடந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். யாராவது வந்து கேட்பார்கள், இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம் என்று சொற்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. மார்ச்சு முடிந்த அன்று மேசையைத் துடைத்துவிட்டு, கழுத்து அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். தாள் அங்கேயே தட்டில் கிடந்தது. ஒப்பந்தம் என் முத்திரை இல்லாமலே முடிந்துபோயிருந்தது. அந்தக் கட்டத்துக்குத்தான் நாங்கள் சிவப்புச் சீட்டு ஒட்ட மறந்துவிட்டோம்.